காலடிப்பேட்டையும் அகங்கார தத்துவமும்

திருவொற்றியூரை அடுத்துள்ள காலடிப்பேட்டை, காலடியைச் சுட்டுவதுபோலத் தோன்றினும், அஃது ஓர் ஆங்கிலேயர் பெயரின் திரிபேயாம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பார் நெசவாளரைக் குடியேற்றிய ஊர், அவர் பெயரால் 'காலெட் பேட்டை' எனப்பட்டது. அதுவே மக்கள் நாவிற் காலடிப்பேட்டையாயிற்று.

'யான்', 'எனது' என்னும் உணர்வின்றி ஊர் அமைப்பாருமிலர். தறியிற் பாவேற்றி நெய்து உடல் ஓம்புவாருமிலர். அவ்வுணர்வை எழுப்பும் அகங்காரம் மாயையிற் றோன்றிய அந்தக்கரணங்களுள் ஒன்று. ஆணவமோ உயிரை அநாதியே மறைத்து நிற்கும் மலம். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வார் மயங்குவர். இருளில் விளக்குப்போல, ஆணவ மறைப்பினிடையே உயிர் தொழிற்படுதற்குத் துணையாவது அகங்காரம். அத்துணையையே தானென உயிர் கொள்ளுமாறு செய்வது ஆணவம்.

காலெட் பேட்டையில் ஆளுநர் பெயர் உருத்திரிந்தது. குடியேறினார் ஊர் நிலைத்தது. முனைப்பின் பயன் எஞ்ச, முனைத்தவர் பெயர் மறைந்தமை காண்க. அதற்கு அணித்தே, திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்டவராகப் போற்றப்படும் பட்டினத்தடிகளோ, 'எனது' என்பதனைத் துறந்தும் இன்றுங் கருதப்படுகின்றார். ஆகலின், அகங்காரம் வாழ்தற்குக் கருவியாவதன்றி வாழ்வின் பயனாகாதென்பது துணிபு.