கரண்டியின் மறுபுறம்

வரலாறு என்றால் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே இருப்பது என்று நம் மாணவர்கள் எண்ணுகிறார்கள். மன்னன் பெயரும் மெய்க்கீர்த்தியும் இல்லாத ஒரு பொருளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள அவர்கள் மனம் எளிதில் ஒப்புவதில்லை. அந்தக் குறை அவர்களுடையதன்று. அப்படிக் கற்பித்த நம்முடையது. வலப்பனைப் பகுதியில், தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் பணியாற்றும் நமக்கு இதை உணர்த்தியது ஒரு கரண்டி.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் துணிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தான். ஆறு கரண்டிகளும் இரண்டு முள்ளுக்கரண்டிகளும் அதில் இருந்தன. அவனுடைய அப்பாயியின் தகப்பனார் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர். தோட்டங்கள் அரசுடைமையான 1975-இல் பங்களாவை விட்டுப் போன துரை அவற்றை அவரிடம் கொடுத்துச் சென்றாராம். அன்றுமுதல் அவை வீட்டுப் பெட்டியில் பூட்டப்பட்டிருந்தன. இப்போது மூத்த பெண்ணின் பல்கலைக்கழகப் படிப்புச் செலவுக்காக அவற்றை விற்க வீட்டார் முடிவு செய்திருந்தனர். பின்புறத்தில் ‘1847’ என்று பொறித்திருந்ததால், நூற்றெழுபது ஆண்டுக்கு மேற்பட்ட தனி வெள்ளி என்று அவர்கள் நம்பினர். “இது வெள்ளிதானா சேர்? 1847-இல் செய்ததுதானா?” என்பவை மாணவனின் கேள்விகள்.

பொட்டலத்தின் அடியில் வேறொன்றும் இருந்தது. துளையிட்ட சிறு தகர வில்லை. அதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. பொத்தான் டப்பாவில் கிடந்தது தவறுதலாக வந்துவிட்டது என்றான்.

முதலில் கரண்டியைப் பார்ப்போம். இத்தகைய பொருளின் வயதையும் பிறப்பிடத்தையும் அறிய விரும்புவோர் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். முன்புறம் அழகைக் காட்டும். உண்மை பெரும்பாலும் காம்பின் பின்புறத்தில் இருக்கும். ஆங்கிலேயரின் தனி வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அது உறுதி. அமெரிக்கத் தனி வெள்ளியில் பெரும்பாலும் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல்லே இருக்கும். இவ்விரண்டும் இல்லாமல் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற நான்கு எழுத்துக்கள் இருந்தால், அது மின்சாரத்தால் வெள்ளி பூசிய நிக்கல் உலோகம் என்று பொருள். இந்த நான்கு எழுத்துக்களையும் நான்கு சிறு கட்டங்களுக்குள் தனித்தனியே பொறிப்பது ஆங்கில உற்பத்தியாளர் பலரின் வழக்கம். எட்ட இருந்து பார்த்தால் அசல் வெள்ளி முத்திரை போலவே தோன்றும். மலையகத்துப் பங்களாக்களின் மேசைகளை அலங்கரித்தவற்றுள் பெரும்பாலானவை ஷெபீல்டு, பேர்மிங்ஹாம் நகரங்களின் இத்தகைய பூச்சுப் பொருள்களே.

பூச்சுக் கலையின் கதை சுவையானது. 1743-இல் ஷெபீல்டு நகரத்து தோமஸ் போல்சோவர் செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டை வெப்பத்தால் ஒட்டவைத்தார். பின்னர் 1840-இல் பேர்மிங்ஹாம் நகரின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்பூச்சுக்குக் காப்புரிமை பெற்றனர். சயனைடு நஞ்சு கலந்த நீர்த்தொட்டியின் ஒரு முனையில் வெள்ளிக் கட்டியையும் மறுமுனையில் கரண்டியையும் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், வெள்ளி கரைந்து சென்று கரண்டியின்மேல் படியும். உள்ளிருக்கும் உலோகம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. அதனை ‘ஜெர்மன் வெள்ளி’ என்பார்கள். அதில் வெள்ளி துளியும் இல்லை. பிரபுக்களின் மேசையில் மட்டும் இருந்த மினுமினுப்பு நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டியது இப்படித்தான். குடியேற்ற நாட்டுத் தோட்டத்தில் பிரபுவாக வாழ விரும்பிய துரைக்கும் அது எட்டியது.

நம் மாணவனின் கரண்டியில் இருந்தது ‘1847 ரொஜர்ஸ் பிரதர்ஸ்’ என்ற முத்திரை. இது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்தது. வில்லியம், ஆசா, சிமியன் என்ற மூன்று ரொஜர்ஸ் சகோதரர்கள் ஹார்ட்போர்டு நகரில் வெள்ளிப் பூச்சுத் தொழில் நடத்தினர். 1862-இல் அவர்களுடைய பெயரும் தொழிலும் மெரிடன் பிரிட்டானியா கம்பெனியிடம் போயின. 1898-இல் அக்கம்பெனியும் வேறு பல கம்பெனிகளும் ஒன்றாகி ‘இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனி’ ஆயின. சகோதரர்கள் போன பின்னும் அவர்கள் பெயரும் 1847 என்ற எண்ணும் இருபதாம் நூற்றாண்டிலும் கரண்டிகளில் தொடர்ந்து பொறிக்கப்பட்டன. ஆகவே 1847 என்பது அந்தக் கரண்டி பிறந்த ஆண்டன்று. அது ஒரு வாணிபப் பெயர். பலர் ஏமாறும் இடம் இதுவே. ரொஜர்ஸ் என்ற பெயரிலேயே போட்டிக் கம்பெனிகளும் கிளம்பின. ‘வில்லியம் ஏ. ரொஜர்ஸ்’ என்பது அந்தச் சகோதரர்களோடு தொடர்பில்லாத வேறொருவர் பெயர். ஒரெழுத்து கூடினால் உற்பத்தியாளர் மாறிவிடுவார்.

அப்படியானால் வயதை அறிவது எப்படி? காம்பின் முன்புறச் சித்திரத்தைக் கொண்டுதான். ஒவ்வொரு கோலத்துக்கும் கம்பெனிகள் ஒரு பெயர் சூட்டின. வெளியிட்ட ஆண்டுகள் விலைப்பட்டியல்களில் இருக்கின்றன. நம்மிடம் வந்த கரண்டியின் காம்பில் திராட்சைக் கொத்தும் இலைகளும் புடைத்து நின்றன. அது ‘வின்டேஜ்’ என்ற கோலம், 1904-இல் வெளியானது. ஓக் இலையும் கொட்டையும் இருந்தால் அது ‘சார்ட்டர் ஓக்’, 1906-இல் வந்தது. ஹார்ட்போர்டு நகரத்தார் தங்கள் உரிமைப் பட்டயத்தை 1687-இல் ஒரு மரப்பொந்தில் ஒளித்துக் காத்தனர் என்ற கதையின் நினைவு அது. சில கரண்டிகளில் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லோடு ஒரு தேதி இருக்கும். அதுவும் சித்திரத்துக்கு உரிமை பெற்ற நாளேயன்றிக் கரண்டி செய்த நாளன்று. பூச்சின் கனத்தைச் சொல்லும் குறிகளும் உண்டு. அமெரிக்க வழக்கில் ‘ஏ 1’ என்ற சாதாரணத் தரத்துக்கு 144 தேக்கரண்டிகளுக்கு இரண்டு டிராய் அவுன்ஸ் வெள்ளி. அதாவது ஒரு கரண்டிக்கு அரைக் கிராமுக்கும் குறைவு! ‘டிரிபிள்’ என்றால் அதைப்போல் மும்மடங்கு.

இன்னொரு முத்திரையையும் நம் வாசகர்கள் அறிந்திருப்பது நன்று. ‘கம்யூனிட்டி’, அதாவது சமூகம், என்ற பெயரில் வந்த கரண்டிகள் அவை. ஜோன் ஹம்ப்ரி நொய்ஸ் என்பவர் 1848-இல் நியூயோர்க் மாநிலத்தின் ஒனைடாவில் பொதுவுடைமைச் சமூகம் ஒன்றை அமைத்தார். மத நம்பிக்கையின் அடிப்படையில் எழுந்த அச்சமூகத்தில் சொத்தும் உழைப்பும் உணவும் பொது. 1877-இல் அவர்கள் கரண்டி செய்யத் தொடங்கினர். 1881-இல் சமூகம் கலைந்து பங்குக் கம்பெனியாயிற்று. அதன் பின்னரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘கம்யூனிட்டி’ என்ற பெயர் விற்பனைச் சின்னமாகக் கரண்டியில் ஏறியது. சமூகம் மறைந்தது, சொல் மட்டும் விலைபோயிற்று. ஷெரில் நகரில் இருந்த அக்கம்பெனியின் ஆலை 2005-இல் மூடப்பட்டது.

ஆக, முத்திரை பொய் சொல்வதில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாதவனைத் தன் பாட்டில் ஏமாறவிடும். 1847 என்பது ஆண்டன்று. ஜெர்மன் வெள்ளி வெள்ளியன்று. கம்யூனிட்டி என்பது சமூகமன்று. முத்திரை சொல்வது உடைமையாளரின் பெயரை. கரண்டியை அடித்து, வளைத்து, தொட்டியில் தோய்த்த கைகளின் பெயர் அதில் இல்லை. உள்ளிருக்கும் நிக்கலை வெட்டியவர்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் நிக்கல் உற்பத்தியில் முன்னின்றது பசிபிக் தீவான நியூ கலிடோனியா. பிரெஞ்சுக்காரர் அங்கே கைதிகளையும், ஜப்பானிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வியட்நாமின் வடபகுதியிலிருந்தும் ஒப்பந்தத்தில் கொண்டுவந்த கூலிகளையும் சுரங்கத்தில் இறக்கினர். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட கூலிகளின் கதை நமக்குப் புதிதன்று.

இப்போது அந்தத் தகர வில்லையை எடுப்போம். அதன்மேல் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. மாணவன் இதை வாசிக்க முயன்றதே இல்லை. இதுவும் முத்திரைதான் என்று நாம் சொன்னபோது வகுப்பு முழுவதும் எழுந்து வந்து சுற்றி நின்றது.

இலங்கையில் 1901-இல் ‘டின் டிக்கட்’ முறை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்து ஊர்களிலிருந்து தோட்டத்துக்குத் திரட்டப்படும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. எழுத்து, தோட்டம் அமைந்த மாவட்டத்தைக் குறிக்கும். ஓர் எண் தோட்டத்துக்குரியது, மற்றது ஆளுக்குரியது. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு முகாம் கடந்து, கப்பல் ஏறி, ரயில் ஏறி வந்து சேர வேண்டும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டத்துக் கணக்கிலிருந்து அது கங்காணியின் கணக்குக்கும், கங்காணியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் கடனுக்கும் இறங்கும். வந்தவனுக்கு ஊரும் பேரும் இருந்தன. வில்லையில் அவற்றுக்கு இடமில்லை. கடன் தீர்ந்ததைக் காட்டும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் அவன் வேலை பெற முடியாது. அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921-இல்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியே ராகலை வரையிலான சிற்றிரயில் பாதை முழுமை பெற்றதும் 1904-இல்தான். வின்டேஜ் கோலம் வெளியான அதே ஆண்டு. தேயிலைப் பெட்டிகள் இறங்கிய பாதையில் துரைமாரின் சாமான்கள் ஏறின. வைக்கோலில் பொதிந்து வந்த பெட்டிக்கு ஒரு முகவரியும் எண்ணும் உண்டு; கழுத்தில் வில்லையுடன் வந்தவனுக்கும் ஓர் எண் உண்டு. சரக்குக்கும் மனிதனுக்கும் ஒரே வகைக் கணக்கு வைத்த ஆட்சி அது. உழைப்பு வேண்டியபோது எண் போதுமாயிருந்தது. உரிமை கேட்டபோது 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் பிறந்த இடத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டது. தகப்பனின் கழுத்தில் எண்ணைக் கட்டிய நாடுதான் மகனிடம் பேரும் ஊரும் தேதியும் கேட்டது.

மாணவனின் வீட்டுக்கு நாமே சென்று உண்மையைச் சொன்னோம். வெள்ளியன்று, பூச்சு, 1847 அன்று, 1904-க்குப் பிந்தியது, எதிர்பார்க்கும் விலைக்குப் போகாது. லயத்து வாசலில் அமர்ந்திருந்த அப்பாயி வெகுநேரம் பேசவில்லை. பேத்தியின் படிப்புச் செலவுக்கு வேறு வழி தேட வேண்டும் என்ற கவலையை நம் விளக்கம் தீர்க்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

பிறகு அவர் ஒரு கரண்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். குழியின் பின்புறத்தில், கரண்டி மேசையில் படியும் இடத்தில், வெள்ளி தேய்ந்து மஞ்சள் சாயல் கொண்ட உலோகம் வெளித் தெரிந்தது. பழம்பொருள் வாங்குவோர் அதைக் குறை என்று கணித்து விலையைக் குறைப்பார்கள்.

“இது நாங்க தேச்சது சேர். எங்க அய்யாவும் நானும். சின்னப் புள்ளையில எனக்கு அதுதான் வேல. சீமச்சுண்ணாம்புத் தூள் போட்டு, தொரை மொகம் தெரியிற மட்டும் தேய்க்கணும்.”

கரண்டியின் பின்புறத்தில் உற்பத்தியாளரின் முத்திரை உண்டு. முன்புறத்தில் முதல் உடைமையாளரின் பெயரெழுத்து செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வீட்டின் உழைப்புக்கு அதில் இருக்கும் ஒரே சான்று இந்தத் தேய்வுதான். பட்டியல்களில் அதற்குப் பெயரில்லை. ஆயினும் எந்த முத்திரையையும் விட அது நம்பத்தக்கது. கையிட்டுத் தேய்க்காமல் அது உண்டாகாது.

வகுப்பில் இப்போது ஒரு பயிற்சி நடத்துகிறோம். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருக்கும் பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடைக் கயிறு, செக்ரோல் துண்டு, தகர வில்லை எதுவானாலும் சரி. முதலில் அதில் பொறித்திருப்பதை வாசிக்க வேண்டும். அடுத்து, பொறிக்காமல் விட்டிருப்பதைக் கேட்டு எழுத வேண்டும். வீட்டு முதியோரைத் தவிர அதற்கு வேறு ஏடு இல்லை. அவர்கள் ஒவ்வொருவராய் மறைந்து வருகிறார்கள். பழைய இரும்புக்காரரும் வாரந்தோறும் லயத்துக்கு வருகிறார். ஆசிரிய நண்பர்கள் தத்தம் பாடசாலைகளில் இதனை இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.

அந்த மாணவன் தன் வில்லையைப் பற்றி முதல் வரியை எழுதிவிட்டான். எழுத்தையும் இரண்டு எண்களையும் அப்படியே பார்த்து எழுதி, அவற்றுக்கு எதிரே தன் அப்பாயியின் பாட்டனார் பெயரை எழுதியிருக்கிறான். அந்தப் பெயரை அவனுக்குச் சொன்னவர் அப்பாயி. கரண்டிகள் இப்போதும் பெட்டியில்தான் இருக்கின்றன. தகர வில்லையும் இப்போது அவற்றோடு இருக்கிறது.