மூக்கு நீரில் தேடிய காரணம்: நாய்களின் டிஸ்டெம்பர் நோய் வரலாறு

நாயின் மூக்கு ஒழுகுவதும் அது ஓயாமல் தும்முவதும் தனியொரு நோயல்ல, பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியே என்னும் தெளிவு கால்நடை மருத்துவத்துக்கு எளிதில் வாய்க்கவில்லை. அத்தெளிவு பிறந்த வரலாறு பெரும்பாலும் டிஸ்டெம்பர் என்னும் ஒரே நோயின் காரணத்தைத் தேடிய வரலாறாகும். நாய்க்குட்டிகளின் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியச் செய்து, பின்னர் நுரையீரலையும் குடலையும் தாக்கி, இறுதியில் வலிப்பில் கொண்டுபோய் விடும் இக்கொடிய தொற்று 1760களில் ஐரோப்பாவில் பெரிதாகப் பரவியது. உடலின் நீர்மங்கள் சமநிலை குலைவதே நோய் என்ற பழைய ஐரோப்பியக் கருத்திலிருந்து, அதாவது வாத பித்த கபங்களின் குலைவைப் பற்றி நம் மரபு கூறுவதற்கு நெருக்கமான கருத்திலிருந்து, பிறந்த பெயரே டிஸ்டெம்பர் என்பதால், காரணம் அறியப்படாத நிலை அப்பெயரிலேயே பதிந்திருந்தது எனலாம்.

பெரியம்மைத் தடுப்பு முறையால் உலகப் புகழ் பெற்ற எட்வர்ட் ஜென்னர், பெர்க்லி பிரபுவின் நரிவேட்டை நாய்களைக் கூர்ந்து கவனித்து, 1809இல் இந்நோய் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டார். பெரியம்மையும் தட்டம்மையும் மனிதரிடையே தொற்றுவதைப் போலவே இது நாய்களிடையே தொற்றுகிறது என்றும், நோயுற்ற விலங்கை அகற்றிய பின்னும் தொற்றும் ஆற்றல் நெடுநாள் நீடிக்கிறது என்றும் அவர் எழுதினார். இவற்றுள் முதல் கூற்று வியக்கத்தக்க அளவு துல்லியமானது; ஏனெனில் டிஸ்டெம்பர் வைரஸ் தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. ஆயினும் காரணம் புலப்படாதவரை மருத்துவம் துன்பத்தையே கூட்டியது: வாந்தி மருந்து கொடுப்பதும், இரத்தம் வடிப்பதும், கழுத்துத் தோலில் துளையிட்டு நாடாவைச் செருகிச் சீழ் வடிய விடுவதும் அக்கால வழக்கமாயின. மூச்சுவிடவே திணறும் ஒரு குட்டியின் உடலில் இத்தனையும் செய்யப்பட்டன என்பதை வருத்தமின்றிக் கடந்து செல்ல இயலாது.

நுண்ணுயிரியல் வளர்ந்த பின் தேடல் ஆய்வுக்கூடத்துக்கு நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஆன்றி கர்ரே, நோயின் தொடக்கத்தில் வடியும் தெளிந்த மூக்கு நீரை, பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்துளை வடிகட்டிகளின் வழியே செலுத்தி, வடிந்த நீரும் நோயை உண்டாக்குவதை 1905இல் காட்டினார். வடிகட்டிக்கு அகப்படாத, நுண்ணோக்கிக்கும் புலப்படாத இத்தகைய நோய்ப்பொருளே பின்னர் வைரஸ் எனப்பட்டது. ஆனால் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஃபெர்ரியும் எடின்பரோவில் மகவனும் நோயுற்ற நாய்களின் சுவாசப் பாதையிலிருந்து, இன்று போர்டெடெல்லா பிராங்கைசெப்டிகா என்று அழைக்கப்படும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதையே காரணமாக அறிவித்தனர். கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளியை நம்புவது எளிதாக இருந்தது. மேலும், கர்ரேயின் சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு முரண்பட்ட முடிவுகளே கிடைத்தன. எங்கும் பரவியிருந்த நோய் சோதனை நாய்களை முன்பே தொட்டுவிட்டிருந்ததால், எந்த நாய் ஊசியால் நோயுற்றது, எந்த நாய் கொட்டிலிலேயே தொற்றுப் பெற்றது, எது முன்பே எதிர்ப்பாற்றல் அடைந்திருந்தது என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று.

இச்சிக்கலை அவிழ்த்தது புதிய கருவி எதுவுமன்று, தூய்மை பற்றிய கடும் ஒழுங்கு. வேட்டைநாய் வளர்ப்போர் பெருமளவில் வாசித்த ‘தி ஃபீல்ட்’ என்னும் ஆங்கில இதழ் 1920களின் தொடக்கத்தில் நிதி திரட்ட, பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகத்துடன் இணைந்து லண்டனுக்கு அருகிலுள்ள மில் ஹில் பண்ணையில் ஆய்வு தொடங்கியது. பேட்ரிக் லெய்ட்லா என்ற மருத்துவரும் ஜி. டபிள்யூ. டன்கின் என்ற கால்நடை மருத்துவரும் அதை நடத்தினர். வெளியுலகத் தொடர்பே இல்லாத வளாகத்தில் குட்டிகள் பிறந்து வளர்க்கப்பட்டன; உள்ளே செல்பவர் குளித்து உடை மாற்றிய பின்னரே அனுமதிக்கப்பட்டனர். முயல் வேட்டைக்காக வளர்க்கப்படும், கீரியைப் போல் நீண்ட உடல்கொண்ட ஃபெரட் என்னும் சிறு விலங்கும் இந்நோய்க்கு ஆளாகும் என்பதை அதை வளர்த்தவர்கள் அறிந்திருந்தனர். ஆய்வாளர்கள் அந்த அறிவைப் பயன்படுத்தி, நாயோடு ஃபெரட்டையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர்.

தூய நாய்கள் கைக்கு வந்ததும் கர்ரே கூறியது சரி என்பது 1926இல் உறுதியாயிற்று. பாக்டீரியா அணியினர் வழிதவறிய இடமும் விளங்கிற்று. டிஸ்டெம்பரில் காய்ச்சல் ஒருமுறை ஏறித் தணிந்து, சில நாள் கழித்து மீண்டும் ஏறுகிறது. முதல் ஏற்றம் வைரஸின் வேலை. அப்போது மூக்கிலிருந்து வருவது தண்ணீர் போன்ற ஒழுக்கு. வைரஸ் உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைத்த பின் பாக்டீரியாக்கள் பெருகுவதால் ஒழுக்கு கெட்டியாகிச் சீழாகிறது. ஆகவே ஒரே நாயின் ஒரே மூக்கிலிருந்து, எந்த நாளில் மாதிரி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து, இருவேறு விடைகள் கிடைத்திருக்கின்றன. இத்தேடலின் வரலாற்றில் இதைவிட முக்கியமான கண்டறிதல் இல்லை. 1928 வாக்கில் லெய்ட்லாவும் டன்கினும் தடுப்பு முறை ஒன்றையும் வகுத்தனர்: ஃபார்மலின் என்னும் வேதிப்பொருளால் வைரஸைச் செயலிழக்கச் செய்த திசுவை முதலில் செலுத்தி, பின்னர் உயிருள்ள வைரஸைச் சிறிதளவு கொடுத்து எதிர்ப்பாற்றலை நிலைநிறுத்துவது அம்முறை.

நாய்களுக்காகச் செய்த இவ்வுழைப்பு மனிதருக்கும் பயன்பட்டது. 1933இல் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் காய்ச்சலுற்ற மனிதர் தொண்டை கொப்பளித்த நீரை ஃபெரட்டின் மூக்கில் விட்டு, மனித இன்ஃபுளுயன்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர்.

தடுப்பூசி பரவி டிஸ்டெம்பர் அரிதான நாடுகளில், அதன் நிழலில் மறைந்திருந்த பிற காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியலாயின. மூக்கறைக்குள்ளேயே வாழும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உண்ணியினச் சிற்றுயிர் ஒன்று 1940இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. தும்மலும், காற்றை உள்ளிழுத்து உறுமுவது போன்ற பின்னோக்குத் தும்மலும் அதன் அறிகுறிகள். புல்லின் கூர்முனை ஒன்று மூக்கில் ஏறிச் சிக்கினாலும், மேல்வாய்ப் பல்லின் வேர் சீழ்பிடித்தாலும், ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை மூக்கின் மெல்லெலும்பை அரித்தாலும், கட்டி வளர்ந்தாலும் ஒழுக்கு பெரும்பாலும் ஒரு துளையில் தொடங்குகிறது. பரவும் தொற்றுகளிலோ அது வழக்கமாக இரு துளைகளிலும் காணப்படுகிறது. எனவே இன்றைய மருத்துவர் நாயின் இரு நாசிகளையும் தனித்தனியே பார்த்து, ஒழுக்கின் நிறத்தையும் அது தொடங்கிய நாளையும் கேட்டறிகிறார். காரணம் தெளியும் வரை ஈரமான வெதுவெதுப்புத் துணியால் மூக்கைத் துடைத்துவிடுவதும், மணம் உணராத நாய் உண்ண மறுக்கும் என்பதால் உணவைச் சற்றுச் சூடாக்கித் தருவதும் பழைய காயப்படுத்தும் மருத்துவத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஒருகாலத்தில் தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட போர்டெடெல்லாவும் முற்றிலும் குற்றமற்றதன்று. பல நாய்கள் சேர்ந்து வாழும் கொட்டில்களில் பரவும் வறட்டு இருமலுக்கு அது ஒரு முதன்மைக் காரணம் என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டு, அதற்கென உருவான தடுப்பு மருந்துகளுள் ஒரு வகை, ஊசியின்றி, நாயின் மூக்குத் துளையிலேயே சொட்டுகளாக விடப்படுகிறது.