ஈடா, கடனா? வீட்டு மின் இணைப்பு வைப்புத்தொகையின் சட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு மின் இணைப்புக்காகப் பெறப்படும் காப்பு வைப்புத்தொகை 1910 முதல் இன்றுவரை சட்டத்தில் அடைந்த பொருள் மாற்றத்தைத் தமிழ்நாட்டுச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அத்தொகைக்கு வட்டி பெறும் உரிமை 2003இல் சட்டமானது. ஆயினும் வாடகைக் குடியிருப்போரை அவ்வுரிமை முழுமையாகச் சென்றடையவில்லை என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: மின் கட்டணம், காப்பு வைப்புத்தொகை, மின்சாரச் சட்டம், மின்வாரியம், வாடகைதாரர்

முன்னுரை

மின்சாரம் அளந்து விற்கப்படும் பொருள். ஆயினும் அரிசி, எண்ணெய் போல விலையைப் பெற்றுக்கொண்டு அது தரப்படுவதில்லை. முதலில் நுகர்வு, பின்னர் அளவீடு, அதற்கும் பின்னரே கட்டணம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. கணக்கெடுத்தபின் பணம் செலுத்த 20 நாள் அவகாசம் உண்டு. ஆக, ஏறத்தாழ 80 நாள் வரையிலான மின்சாரம் கடனாகவே நுகரப்படுகிறது. அக்கடனுக்கு ஈடாக இணைப்பு வழங்கும்போதே பெறப்படும் தொகைதான் மக்கள் வழக்கில் 'டெபாசிட்' எனப்படும் காப்பு வைப்புத்தொகை. மின் கட்டணம் குறித்த விவாதங்கள் யூனிட் விலையையே சுற்றி வருவதால் இத்தொகை உரிய கவனம் பெறவில்லை.

தனியார் உரிமமும் வாரியமும்

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் உரிமம் பெற்ற நிறுவனங்களை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. மின்சாரம் கோருபவர் இரண்டாண்டுக்குக் குறையாமல் அதனைப் பெறுவதாக ஒப்பந்தம் எழுதித் தரவும் போதிய ஈடு வைக்கவும் வேண்டும் என நிறுவனம் கோரலாம் என்று அதன் அட்டவணை கூறியது. கட்டணம் செலுத்தத் தவறினால் ஏழு நாள் முன்னறிவிப்புடன் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது 24ஆம் பிரிவு. கம்பி இழுக்கும் முதலீட்டைக் காப்பதே இவ்விதிகளின் நோக்கம். நுகர்வோரின் பணம் நிறுவனத்திடம் தங்கியிருப்பது ஒரு சிக்கலாகவே அன்று கருதப்படவில்லை.

1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. 1947இல் சென்னை மின் வழங்கல் நிறுவனத்தை அரசு ஏற்றது. 1957இல் மாநில மின்வாரியம் அமைந்தது. உடைமை பொதுவானபோதும் ஈட்டின் தருக்கம் மாறவில்லை. இலாப நோக்குடைய நிறுவனம் தன் முதலீட்டுக்குக் கேட்ட காப்பை, பொதுத்துறை வாரியம் தன் நடைமுறை மூலதனத்துக்குக் கேட்டது என்பதே வேறுபாடு.

வட்டி என்னும் வினா

நுகர்வோரின் பணத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் வாரியம் அதற்கு வட்டி தரவேண்டுமா? இவ்வினா ஃபெரோ அலாய்ஸ் நிறுவனத்துக்கும் ஆந்திர மாநில மின்வாரியத்துக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. வட்டி தர வாரியங்கள் கடமைப்பட்டவையல்ல என்று 1993இல் தீர்ப்பாயிற்று. மின்சாரம் கடனாக வழங்கப்படுகிறது; எனவே இத்தொகை வங்கியில் இடும் வைப்பு போன்றதன்று என்பது அதன் அடிப்படை. வழக்காடியது பெருநிறுவனம். ஆனால் அதே தருக்கம், கட்டணத்தைத் தவணை தவறாமல் செலுத்தும் சிறு வீட்டையும் நிலையான கடனாளியாகவே காண வைத்தது.

பத்தாண்டுகளில் நிலை மாறியது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 47(4)ஆம் பிரிவில், வங்கி விகிதத்துக்குக் குறையாத வட்டியை மாநில ஒழுங்குமுறை ஆணையம் குறித்தவாறு வழங்கவேண்டும் என விதித்தது. முன்பணம் செலுத்தும் மீட்டரை ஏற்பவரிடம் வைப்புத்தொகை கோரக்கூடாது என்றது 47(5). கடன் இல்லையெனில் ஈடும் இல்லை என்ற நேர்மையான சமன்பாடு இது. துண்டிப்புக்கான முன்னறிவிப்பும் 15 நாளாக உயர்ந்தது. ஆயினும் வைப்புத்தொகை போதாதபோது 30 நாள் அறிவிப்பில் கூடுதல் தொகை கோரவும், தராவிடில் மின்சாரத்தை நிறுத்தவும் வழங்குநருக்குள்ள அதிகாரம் தொடர்ந்தது. நுகர்வு ஏற ஏற ஈடும் ஏறும். குளிர்சாதனம் புதிதாக வாங்கிய வீடு இதனைத் தாமதமாகவே உணரும்.

இருமாதக் கணக்கு வேறொரு விளைவையும் தந்தது. 2022 செப்டம்பர் கட்டண அட்டவணைப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் நுகர்ந்த வீட்டுக்கு 1,725 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆனால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலை இழக்கப்பட்டு, தொகை 1,958 ரூபாயாகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். எல்லையை ஒட்டி நுகரும் வீட்டில் கணக்கெடுப்பு சில நாள் தள்ளிப்போனாலே இது நேரும். வைப்புத்தொகையின் போதுமை கட்டணச் சராசரியைக் கொண்டு மதிப்பிடப்படுவதால், இவ்வுயர்வு அதிலும் சென்று படிகிறது.

'ஈடு தந்தவர்' யார்?

வைப்புத்தொகையை, அதனைத் தந்தவர் கோரும்போது திருப்பித் தரவேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. சொந்த வீட்டில் வாழ்பவருக்கு இத்தொடர் தெளிவானது. வாடகை வீட்டில் அவ்வாறன்று. இணைப்பு உரிமையாளர் பெயரில் உள்ளது. மாதந்தோறும் மின்சாரத்தை நுகர்ந்து கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். கூடுதல் வைப்புத்தொகை கோரப்படும்போது பல வீடுகளில் அதுவும் மின் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டு வாடகைதாரர் தலையில் விழுகிறது. அலுவலகப் பதிவேட்டில் அது உரிமையாளரின் பணம். அதற்குரிய வட்டி மின் இணைப்பு எண்ணின் கணக்கில் வரவாகிறது. இடையில் வீடு மாறியிருந்தால், அடுத்துக் குடிவந்தவரின் கட்டணத்தில் அது கழிந்துவிடுகிறது.

ஒரே இணைப்பிலிருந்து துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் வீடுகளில் நிலை இன்னும் கடினம். 2016இல் அனைத்து வீட்டு இணைப்புகளுக்கும் அறிவிக்கப்பட்ட 100 யூனிட் விலையில்லா மின்சாரம் இணைப்புக்கு உரியதேயன்றிக் குடும்பத்துக்கு உரியதன்று. துணை மீட்டருக்குப் பின்னால் வாழும் குடும்பம் சட்டத்தின் கண்ணில் நுகர்வோராகப் பதிவாவதே இல்லை. அது வீட்டு உரிமையாளரிடம் தரும் முன்பணம் வாடகை ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. 47ஆம் பிரிவின் வட்டி அதற்குப் பொருந்தாது.