சாட்சிக் கூண்டில் வரலாறு: அமெரிக்கத் துப்பாக்கி வழக்குகள் கூறும் பாடம்

வல்லுநர் சாட்சியம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் கைரேகை நிபுணர், பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், தோட்டா எந்தத் துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்டது என்று கூறும் தடயவியல் அலுவலர் ஆகியோர்தாம். அமெரிக்காவின் துப்பாக்கிச் சட்ட வழக்குகளில் இவர்களோடு வேறொருவரும் அழைக்கப்படுகிறார். அவர் வரலாற்றாசிரியர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை வீடுகளில் துப்பாக்கி இருந்தது, எந்தச் சட்டம் யாரைத் தடுத்தது என்று அவர் கூறும் விடையைப் பொறுத்து இன்றைய சட்டம் நிலைக்கிறது அல்லது வீழ்கிறது. அந்த விடையே ஐயத்துக்குரியதானால் என்ன நேரும்? சற்று நீண்ட இப்பதிவு அதைப் பற்றியது.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையன்று; 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கும் உரிமம் மட்டுமே. அமெரிக்காவிலோ 1791இல் ஏற்கப்பட்ட அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அதன் ஒரே வாக்கியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முற்பகுதி ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படையின் தேவையைக் கூறுகிறது. பிற்பகுதி மக்களின் உரிமையைக் கூறுகிறது. உரிமை படைக்கு உரியதா, தனிமனிதருக்கு உரியதா என்ற வழக்கு நெடுங்காலம் தீராமல் கிடந்தது. சொற்கள் தெளிவு தராதபோது, எழுதியவர்களின் காலத்தை ஆராய்வது இயல்பு. அவ்வாறுதான் வரலாறு அந்த நீதிமன்றங்களுக்குள் நுழைந்தது.

2000ஆம் ஆண்டில் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் பெல்லசைல்ஸ் எழுதிய ‘ஆர்மிங் அமெரிக்கா’ என்னும் நூல் வெளிவந்தது. துப்பாக்கிப் பண்பாடு அமெரிக்காவின் பிறவிக்குணம் அன்று. உள்நாட்டுப் போரை ஒட்டியும் தொழிற்சாலை உற்பத்தியாலும் பின்னர் உருவானது என்பது அந்நூலின் வாதம். அதற்கு அவர் காட்டிய சான்று, இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள். ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற கட்டில், பானை, கலப்பை, மாடு என யாவற்றையும் எழுதி நீதிமன்றத்தில் பதியும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அத்தகைய பட்டியல்களைப் பதினோராயிரத்துக்கும் மேல் தாம் ஆராய்ந்ததாகவும், 1765 முதல் 1790 வரையிலான பட்டியல்களில் சுமார் 14 விழுக்காட்டில் மட்டுமே துப்பாக்கி காணப்பட்டதாகவும், அவற்றிலும் பாதிக்கு மேல் பழுதானவை என்றும் அவர் எழுதினார்.

அக்கால மக்களிடம் துப்பாக்கியே அரிதாக இருந்ததென்றால், அரசமைப்பை எழுதியோர் தனிமனிதத் துப்பாக்கி உரிமையைக் கருதியிருப்பார்களா? நூலின் அரசியல் கனம் இதுதான். 2001இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்க வரலாற்றுக்கான உயரிய பான்கிராஃப்ட் பரிசை அதற்கு வழங்கியது. துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் கொதித்தனர். பெல்லசைல்சுக்கு மிரட்டல்களும் வந்தன. எதிர்ப்பு இத்தகைய இடத்திலிருந்து வந்ததாலேயே, அதில் பொருள் இருக்கக்கூடும் என்று எண்ண வரலாற்றுத் துறையினர் பலர் முதலில் முன்வரவில்லை.

பொருள் இருந்தது. முதலில் கேள்வி எழுப்பியவர்களுள் ஒருவர் கிளேட்டன் கிரேமர். மென்பொருள் பொறியாளர், வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவர், வெளிப்படையாகத் துப்பாக்கி உரிமையின் பக்கம் நின்றவர். அடுத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் லிண்ட்கிரெனும் உடனாய்வாளர் ஜஸ்டின் ஹெதரும் பட்டியல்களை மீண்டும் எண்ணினர். ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் உயில் எழுதாமலே இறந்தவர்களின் உயில்களைக்கூட பெல்லசைல்ஸ் எண்ணியிருந்தார். பெண்களின் பட்டியல்கள் ஆண்களுடையவையாகச் சேர்க்கப்பட்டிருந்தன. பழுதானவை என்று அவர் கூறிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலத்தில் அப்படியொரு குறிப்பே இல்லை. ஆண்களின் பட்டியல்களில் பாதி அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் துப்பாக்கி இருந்ததாகவே மறுகணக்கு காட்டியது.

எல்லாவற்றுக்கும் மேலாக சான் ஃபிரான்சிஸ்கோ. அந்நகரின் பழைய சொத்துப் பட்டியல்களைத் தாம் படித்ததாக அவர் எழுதியிருந்தார். 1906இன் நிலநடுக்கத்திலும் தொடர்ந்த பெருந்தீயிலும் அவை அழிந்துவிட்டன. மூலக் குறிப்புகளைக் காட்டுமாறு கேட்டபோது, மஞ்சள் தாள்களில் எழுதிவைத்த குறிப்புகள் அலுவலகத்தில் நீர் புகுந்து நாசமாயின என்றார்.

எமரி பல்கலைக்கழகம் வெளியிலிருந்து மூன்று மூத்த அறிஞர்களை அமர்த்தி விசாரித்தது. அவர்களின் அறிக்கை அவரது ஆய்வு நேர்மையைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியது. பிழைகள் உண்டு, மோசடி இல்லை என்று மறுத்த பெல்லசைல்ஸ் 2002 அக்டோபரில் பதவி விலகினார். அவ்வாண்டு டிசம்பரில் கொலம்பியா பல்கலைக்கழகம் பரிசைத் திரும்பப் பெற்றது. அப்பரிசின் வரலாற்றில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

அதே டிசம்பரில், கலிஃபோர்னியாவின் தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை எதிர்த்துத் தொடரப்பட்ட சில்வேரா வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்டீஃபன் ரைன்ஹார்ட் எழுதிய அத்தீர்ப்பு, இரண்டாம் திருத்தம் தனிமனித உரிமையைத் தரவில்லை என்றது. அதில் பெல்லசைல்சின் ஆய்வு மேற்கோளாக இடம்பெற்றிருந்தது. நூலின் நிலை ஊரறிந்த பின்னும் அது தீர்ப்பில் நுழைந்திருந்தது. 2003 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பைத் திருத்தி அந்த மேற்கோள்களை நீக்கியது. முடிவு மட்டும் மாறவில்லை.

இங்கே நான் நின்று யோசிப்பதுண்டு. ஒரு சான்றை உருவி எடுத்த பிறகும் கட்டடம் அசையவில்லை என்றால், அந்தச் சான்று கட்டடத்தைத் தாங்கவே இல்லை என்றுதானே பொருள்? நீதிமன்றம் வரலாற்றிலிருந்து முடிவுக்கு வந்ததா, முடிவிலிருந்து வரலாற்றுக்குப் போனதா? பெல்லசைல்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறவுமில்லை, பிரமாணம் எடுக்கவுமில்லை. அவரது நூல் குறுக்கு விசாரணையின்றி சாட்சியாயிற்று.

இதை ஒரு தரப்பின் நோயாக எண்ணிவிட வேண்டாம். துப்பாக்கி அதிகமானால் குற்றம் குறையும் என்று 1998இல் நூலெழுதிப் புகழ்பெற்ற பொருளியலாளர் ஜான் லாட், தற்காப்புக்காகத் துப்பாக்கி பயன்படும் நிகழ்வுகளில் 98 விழுக்காட்டில் அதைக் காட்டினாலே போதும் என்றார். ஆதாரம் கேட்கப்பட்டபோது, தாம் நடத்திய கணக்கெடுப்பின் தரவு 1997இல் கணினி பழுதானபோது அழிந்துவிட்டது என்றார். பின்னர் புதிதாக ஒரு கணக்கெடுப்பை நடத்தினார். இணையத்தில் வேறொரு பெண்ணின் பெயரில் தம் ஆய்வைத் தாமே ஆதரித்து எழுதிவந்ததையும் 2003இல் ஒப்புக்கொண்டார். அவரது முடிவுகள் பல மாநிலச் சட்டமன்ற விவாதங்களில் எடுத்துரைக்கப்பட்டவை. துப்பாக்கி ஏந்தும் உரிமத்தைத் தளர்த்தும் சட்டங்களால் குற்றம் குறைகிறதா கூடுகிறதா என்று இருக்கும் சான்றுகளைக்கொண்டு கூற இயலாது என்று தேசிய ஆய்வுக் குழு 2004இல் முடிவுரைத்தது. குழுவில் ஒருவர் மாறுபட்டார்.

2008இன் ஹெல்லர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தனிமனித உரிமையை ஏற்றது. பெரும்பான்மையும் சிறுபான்மையும் ஒரே காலகட்டத்தின் ஆவணங்களைப் படித்து எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தன. 2022 ஜூனில் வந்த புரூவன் தீர்ப்பு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஒரு துப்பாக்கிச் சட்டம் செல்ல வேண்டுமானால், அது நாட்டின் வரலாற்று மரபுக்கு இசைந்தது என்று அரசே நிறுவ வேண்டும் என்றார் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். சட்டத்தால் எத்தனை உயிர் பிழைக்கும் என்ற கணக்கு பின்னுக்குப் போயிற்று. நீதிபதிகள் வரலாற்றாசிரியர்கள் அல்லர் என்று மாறுபட்ட தீர்ப்பில் ஸ்டீஃபன் பிரேயர் எச்சரித்தார். வரலாற்றையே அளவுகோலாக்கிய அந்த வழக்கு, முழு விசாரணை நடைபெறாமலே மேலே சென்ற வழக்கு. ஒரு வரலாற்றாசிரியர்கூட அதில் குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை. நீதிமன்ற நண்பர்கள் என்ற பெயரில் பலர் அளித்த எழுத்துரைகளே குவிந்தன.

அதன்பின் கீழமை நீதிமன்றங்களில் வரலாற்று வல்லுநர்களுக்குத் தேவை பெருகியது. மிசிசிப்பியில் நீதிபதி கார்ல்டன் ரீவ்ஸ், தமக்கு வரலாற்றுப் பயிற்சி இல்லை என்று வெளிப்படையாக எழுதி, உதவிக்கு ஒரு வரலாற்றாசிரியரை அமர்த்தலாமா என்று தரப்பினரைக் கேட்டார். அரசுத் தரப்பு வேண்டாம் என்றது. கலிஃபோர்னியாவில் நீதிபதி ரோஜர் பெனிடெஸ், தொடர்புடைய பழைய சட்டங்கள் யாவற்றையும் அட்டவணையாகத் தருமாறு ஆணையிட்டார். அரசு முந்நூறுக்கும் மேற்பட்ட சட்டங்களைத் தொகுத்தது. அவற்றுள் அடிமைகளும் பழங்குடியினரும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்த சட்டங்களும் இருந்தன. இன்றைய பாதுகாப்புச் சட்டத்தைக் காக்க, அன்றைய இனவெறிச் சட்டத்தைச் சான்றாகக் காட்ட வேண்டிய நிலை அது.

சட்டங்களின் பொருளிலும் ஒற்றுமை இல்லை. இங்கிலாந்தில் 1328இல் இயற்றப்பட்ட நார்த்தாம்டன் சட்டம் ஆயுதத்தோடு நடமாடுவதைத் தடுத்தது. பொதுவிடத்தில் ஆயுதம் ஏந்துவதையே தடுத்தது என்கிறது ஒரு தரப்பு. மக்களை அச்சுறுத்தும் வகையில் ஏந்துவதை மட்டுமே தடுத்தது என்கிறது மறுதரப்பு. அச்சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டு 1686இல் விடுதலையான சர் ஜான் நைட் ஏன் விடுதலையானார் என்பதற்கு இருவேறு விளக்கங்கள் நிலவுகின்றன. ஆய்வரங்கில் இது நல்ல விவாதப் பொருள். இன்னும் ஐம்பது ஆண்டுகள் பேசலாம். நீதிமன்றத்துக்கோ குறித்த தேதிக்குள் ஒரே விடை வேண்டும்.

என் கருத்தில் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஐயத்துக்குரிய சாட்சியம் என்பது பொய் சொல்வதால் மட்டும் உண்டாவதன்று. “பெரும்பாலும்”, “இந்தப் பகுதியில்”, “கிடைத்த ஆவணங்களின்படி” என்ற சொற்களால் வேலி கட்டி எழுதுவது வரலாற்று எழுத்தின் இயல்பு. கட்டணம் கொடுத்து அழைக்கும் தரப்புக்கு அந்த வேலிகள் இடையூறு. அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டால் எஞ்சுவது கட்சிக்காரரின் வாதம்தான். 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பழைய சட்டத்தின் அச்சு அசலான இணை தேவையில்லை, அதன் அடிப்படைக் கோட்பாடு பொருந்தினால் போதும் என்றது. கயிறு சற்றுத் தளர்ந்தது. ஆனால் அந்தக் கோட்பாடு எது என்று சொல்லவும் வரலாறுதான் வேண்டும்.

இந்தியாவில் வல்லுநர் கருத்தை ஏற்கும் விதி 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவாக இருந்தது. இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 39ஆம் பிரிவு. அயோத்தி வழக்கில் வரலாற்றாசிரியர்களும் தொல்லியலாளர்களும் கூண்டேறினர். 2010இன் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதி ஒருவர் அவர்களுள் சிலரின் சாட்சியத்தைக் கடுமையாகக் குறைகூறினார். வழக்கின் முடிவைப் பற்றி யார் என்ன கருதினாலும், நம் துறை அந்தப் பக்கங்களைப் படித்தே ஆக வேண்டும்.

பெல்லசைல்சின் கணக்கைக் கவிழ்த்தது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் திறமையன்று. பிராவிடன்ஸ் பதிவேடுகள் எவரும் எடுத்துப் படிக்கும் நிலையில் இருந்தன. ஆகவே கணக்கை மீண்டும் போட முடிந்தது. போட்டவரின் அரசியல் எதுவாயினும், ஏட்டில் உள்ள எண்ணிக்கை மாறவில்லை. பரிசுக் குழுவும் இதழ் ஆசிரியர்களும் செய்யத் தவறிய வேலை அது. தம் கருத்துக்கு இனிக்கும் நூலை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். குறிப்பேட்டைப் பத்திரமாக வையுங்கள். எந்தக் காப்பகம், எந்தக் கட்டு, எந்தத் தாள் என்று எழுதி வையுங்கள். உங்களோடு உடன்படாத ஒருவர் அதே கட்டை நாளை பிரித்துப் பார்ப்பார் என்று எண்ணியே எழுதுங்கள். உங்கள் அடிக்குறிப்பு ஒருநாள் தீர்ப்பு ஒன்றில் ஏறக்கூடும். அதன்கீழ் ஒருவர் சிறை செல்லலாம். ஒரு துப்பாக்கி ஒருவர் கைக்குத் திரும்பலாம்.