நீரில் மூழ்கிய ஊரும் இருளில் கிடந்த லயங்களும்

1918 ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னிலையில் டீ. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் ஒரு கட்டுரையை வாசித்தார். பொது வேலைகள் திணைக்களத்தில் பணியாற்றிக் கொண்டிருந்தவர் அவர். மலைநாட்டில் பாய்ந்து வீணாகும் ஆறுகளைக் கொண்டு நாட்டுக்குத் தேவையான மின்சாரத்தை உற்பத்தி செய்ய முடியும் என்பதே அக்கட்டுரையின் சாரம். சிவனொளிபாதமலைப் பக்கத்தில் தங்கம் தேடுவதற்காக அனுப்பப்பட்ட வேளையில், கெஹெல்கமு ஓயாவினதும் மஸ்கெலி ஓயாவினதும் பாய்ச்சலைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்லப்படுகின்றது. தங்கம் கிடைத்ததோ இல்லையோ, அதனிலும் பெறுமதியான ஒன்றை அவர் கண்டுபிடித்தார் எனலாம்.

காலனித்துவ ஆட்சியாளருக்கு இதில் அவசரம் இருக்கவில்லை. 1920களில் தொடங்கிய வேலைகள் இடைநடுவில் கைவிடப்பட்டன. விமலசுரேந்திர அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்று, 1931 இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதையே வலியுறுத்தி வந்தார். இறுதியில் 1950 இல் லக்ஸபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மூன்றாண்டுகளின் பின்னர் அவர் காலமானார். இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் அவரைப் போற்றுவது முற்றிலும் நியாயமானதே.

ஆனால் அந்தப் பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடுகின்ற இன்னொரு வரலாறு அதே மலைகளில், அதே ஆண்டுகளில் நிகழ்ந்தது. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. இவ்விரண்டினாலும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கப்பட்டனர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றிருந்தார்கள். தலவாக்கலையின் பிரதிநிதியாகச் சென்றவர் எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1952 தேர்தலில் அந்த எழுவரின் இடத்தில் ஒருவருமே இல்லை. லக்ஸபானவிலிருந்து கொழும்புக்கு மின்கம்பிகள் இழுக்கப்பட்ட காலத்தில், அக்கம்பிகள் கடந்து சென்ற தேயிலை மலைகளில் வாழ்ந்தவர்கள் சார்பில் கேள்வி கேட்பதற்கு ஓர் ஆசனம் தானும் இருக்கவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தது தற்செயலாக இருக்கலாம். விளைவு தற்செயலானதல்ல.

தூய வலு, பசுமை வலு என்று இன்று உலகம் முழுவதும் பேசப்படுகின்றது. அதை நீர்மின்சாரத்தின் வடிவில் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அனுபவிக்கத் தொடங்கிய நாடு இலங்கை. எனவே தூய வலுவின் பயனும் பாரமும் யார் யாருக்கு எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதற்கு நாம் வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

1965 இல் காசல்ரி நீர்த்தேக்கம் வந்தது. 1969 இல் மவுசாக்கலை வந்தது. அது பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கியது. கடைத்தெரு, கோவில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் நீரில் மூழ்க, மேட்டுநிலத்தில் புதிய நகரம் அமைக்கப்பட்டது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம் பழைய கோவில் வெளித்தெரியும். பத்திரிகைகளில் படம் வரும். நகரத்தில் உறுதி வைத்திருந்தவர்களுக்கு, இழந்ததை எண்ணிக் கணக்குச் சொல்வதற்கு ஓர் ஆவணமாவது இருந்தது. சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களில் குடியிருந்தவர்களிடம் இருந்ததோ செக்ரோலில் ஒரு பெயர் மட்டுமே. அதுவும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் யார் இந்தியாவுக்குக் கப்பலேறுவது, யார் இங்கே எஞ்சுவது என்று குடும்பங்கள் கலங்கி நின்ற காலம். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான அந்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, 150,000 பேரின் விதியைப் பின்னர் தீர்மானிப்பதாக ஒத்திவைத்தது. நீர்த்தேக்கத்தைப் பற்றி அவர்களிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கப் போவது யார்?

1996 வரட்சியை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீரையே நம்பியிருந்தது. மழை பொய்த்ததும் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுல்படுத்தப்பட்டது. கொழும்பு கொதித்துப் போயிருந்தது. இளம் நிருபராயிருந்த நான் வற்றிய மவுசாக்கலையைப் பார்த்து எழுதுவதற்காக மஸ்கெலியாவுக்கு அனுப்பப்பட்டேன். வெடித்துக் கிடந்த சேற்றின் நடுவே கோவிலைப் பார்த்துவிட்டு, மாலையில் ஒரு தோட்டத்து லயத்துக்குப் போனேன். குப்பி விளக்கு எரிந்து கொண்டிருந்தது. மின்வெட்டினால் ஏற்பட்டுள்ள கஷ்டங்களைப் பற்றி நகரத்துப் பழக்கத்தில் ஒரு முதியவரிடம் விசாரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு என்னைக்குங்க ஐயா கரண்ட் இருந்திச்சி, வெட்டுறதுக்கு?" என்றார். அந்த லயத்தின் முற்றத்தில் நின்று பார்த்தால் எதிர்மலையில் உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கி நின்ற கோபுரங்கள் வரிசையாகத் தெரிந்தன.

அந்த முதியவரின் பதிலில் ஒரு முழு வரலாறு அடங்கியிருக்கின்றது. தோட்டங்களுக்கு மின்சாரம் புதியதல்ல. வெள்ளைத் துரைமார் காலத்திலேயே ஓடைகளை மறித்து, இரும்புக் குழாய்வழி நீரை இறக்கி, சிறிய சுழலிகளைக் கொண்டு தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கியிருக்கிறார்கள். கொழுந்தை வாட்டுவதும் அரைப்பதும் உலர்த்துவதும் இயந்திரமயமாகிய பின்னரும், கொழுந்து பறிப்பது பெண்களின் விரல்களுக்கே விடப்பட்டது. இயந்திரத்துக்குப் போன வெளிச்சம் அந்த விரல்களுக்குரியவர்களின் வீட்டுக்குப் போகவில்லை. பின்னர் தேசிய மின்கம்பி தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் வந்தபோது பல தோட்டங்களில் அச்சுழலிகள் கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவானதன் பின்னரும் கூட, கிராமிய மின்சாரத் திட்டங்கள் தோட்ட எல்லை வரை வந்து நின்று விடுவதே வழக்கமாயிருந்தது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டம் கம்பனிக்கோ அரசுக்கோ சொந்தம். ஆகவே அங்கே வாழ்பவர் மின்சார சபையின் கண்ணுக்கு ஒரு பாவனையாளராகத் தெரியவில்லை. லயங்களுக்குப் பரவலாக மின்சாரம் கிடைத்தது மிகப் பிந்தியே.

1977 இன் பின்னர் மகாவலி துரித அபிவிருத்தித் திட்டம் வந்தது. சுவீடனின் உதவியுடன் கொத்மலையும் பிரித்தானியாவின் உதவியுடன் விக்டோரியாவும் 1985 இல் நிறைவேறின. இவற்றைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால் இங்கு விரிக்கவில்லை. மகாவலியின் கீழ்ப்பகுதியில் குடியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக் காணியும் வழங்கப்பட்டன. மலையகத் தோட்டத் தொழிலாளருக்குக் காணி என்ற சொல்லோ வேறு விதமாகவே அறிமுகமாகியிருந்தது. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் சுவீகரிக்கப்படுவதை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது, டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

டெவன் தோட்டம் தலவாக்கலைப் பகுதியில் இருக்கின்றது. மேல் கொத்மலைத் திட்டத்துக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்புக் கிளம்பியது என்பதை விளங்கிக்கொள்ள இந்தப் பின்னணி அவசியம். திட்டத்தைக் கொழும்பில் இருந்தவர்கள் வெறும் பொறியியல் விடயமாகப் பார்த்தார்கள். 150 மெகாவாட் உற்பத்தி, பெரிய நீர்த்தேக்கம் கிடையாது, தலவாக்கலையில் 35 மீற்றர் அளவில் ஓர் அணை, மலைக்குள்ளால் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கம், நிலத்தடியில் மின்நிலையம். எரிபொருள் வேண்டியதில்லை, புகையில்லை. மலையக மக்களோ அதைக் காணிப் பிரச்சினையாகவும், தமது செறிவைக் குலைக்கும் முயற்சியாகவும் பார்த்தார்கள். சுற்றாடல் ஆர்வலர்கள் நீர்வீழ்ச்சிகளுக்காகக் குரல் கொடுத்தார்கள். சென் கிளயர் நீர்வீழ்ச்சி வற்றிவிடும் என்பது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தியாயிற்று. இந்த இரு தரப்பும் ஒரே மேடையில் நின்றாலும் ஒரே விடயத்தைப் பேசவில்லை என்பது என் கணிப்பு. நீர்வீழ்ச்சிக்காக அழுத தென்னிலங்கைப் பத்திரிகைகள் பல, லயத்துக்காக ஒரு பத்தி எழுதத் தயங்கின.

சுற்றாடல் அனுமதி முதலில் மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டின் பின்னர் நிபந்தனைகளுடன் வழங்கப்பட்டது. வேறு கிளையாறுகளையும் திருப்பும் யோசனை கைவிடப்பட்டது. சென் கிளயரில் பகல் வேளையில் நீர் விடப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியில் கட்டப்பட்ட மின்நிலையம் 2012 ஜூலையில் திறந்து வைக்கப்பட்டது. இடம்பெயர்க்கப்பட்ட சுமார் 495 குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. லயத்தின் ஒற்றை அறையிலிருந்து தனிவீட்டுக்குப் போனவர்களும் அவர்களுள் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த வீடுகள் எதிர்ப்பில்லாமல் கிடைத்திருக்குமா என்று கேட்டால், கிடைத்திருக்காது என்றே சொல்வேன். மவுசாக்கலைக்கும் மேல் கொத்மலைக்கும் இடையில் அம்மக்களுக்குப் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் மீண்டிருந்தன. அவர்களின் தலைவர்கள் அமைச்சரவையில் இருந்தார்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கின்றது, தொழில்நுட்பத்தில் அல்ல.

வேலைவாய்ப்பு என்ற வாக்குறுதியையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். அணையைக் கட்டும்போது பெருந்தொகையானோர் தேவைப்படுவார்கள். கட்டி முடிந்ததும் கட்டுப்பாட்டு அறையின் திரைகளுக்கு முன்னால் ஒரு சிலர் போதும். நீரை அளப்பதும் கதவைத் திறப்பதும் சுழலியின் வேகத்தைச் சீராக்குவதும் கருவிகளே. அந்தச் சிலருக்கு வேண்டிய பொறியியல் கல்வி, அணைக்குப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கிடைப்பதில்லை.

வாக்கு மட்டும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஈரானின் பங்களிப்புடன் ஊவாவில் தொடங்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தில், 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. குடிநீர் பௌசரில் வந்தது. 120 மெகாவாட் திறனுள்ள அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நிலத்தடி நீரோட்டம் மெகாவாட்டில் அளக்கப்படுவதில்லை என்பதால், திறப்பு விழாச் செய்திகளில் கிணறுகள் இடம்பெறவில்லை.

மலையில் நீர் என்றால் மன்னாரில் காற்று. 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை அங்கு திறக்கப்பட்டது. முப்பது சுழலிகள், ஏறக்குறைய 100 மெகாவாட். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் பாதையில் மன்னார் இருப்பதால், பறவைக் கூட்டம் நெருங்கும்போது சுழலிகளை நிறுத்துவதற்காக ராடார் கருவியும் பொருத்தப்பட்டது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆயினும் தட்டையான அத்தீவில் சுழலிகளுக்காகப் போடப்பட்ட பாதைகள் மழைநீரை மறித்து ஊருக்குள் தேக்குகின்றன என்று குடியிருப்பாளர்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர். அதைக் கண்டறிய எந்த ராடாரும் பொருத்தப்படவில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திட்டத்தை முன்வைத்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர்.

இனி சூரியன். அணை கட்ட வேண்டியதில்லை, எவரையும் எழுப்ப வேண்டியதில்லை. கூரை இருந்தால் போதும் என்றார்கள். 2016 இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டத்தை அரசாங்கம் ஆரம்பித்தது. கூரையில் தகடு பொருத்தி உற்பத்தி செய்யும் ஒவ்வொரு அலகுக்கும் முதல் ஏழாண்டுகளுக்கு 22 ரூபாவும் அதன்பின் 15 ரூபா 50 சதமும் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வசதி படைத்தோரின் கூரைகளில் தகடுகள் மினுங்கத் தொடங்கின. முதலீடு செய்தவர்கள் பயனடைந்ததில் தவறில்லை. ஆனால் இத்திட்டத்தில் சேர்வதற்குப் பணத்துக்கு முன்னதாக ஒரு தகுதி தேவை. கூரை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடியின்போது இந்த வேறுபாடு ரூபாய்க் கணக்கில் தெரிந்தது. மாதம் 30 அலகு பாவிக்கும் வீட்டுக்கு அதுவரை 105 ரூபா கட்டணம் வந்தது. அந்த ஓகஸ்டில் அது 360 ரூபாவாகியது. 2023 பெப்ரவரியில் 1,300 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. கூரையில் தகடு வைத்திருந்தவர்களில் பலருக்கு அதே மாதங்களில் மின்சார சபையே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டண உயர்வுக்குச் சொல்லப்பட்ட பிரதான காரணம் எரிபொருளினதும் நிலக்கரியினதும் விலை. லக்ஸபான மலையில் இரண்டு மின்குமிழ் எரியும் ஓர் அறைக்கு, அருகில் ஓடும் ஆற்றின் விலையில் அன்றி, கடல் கடந்து வந்த எண்ணெயின் விலையில் பற்றுச்சீட்டு அனுப்பப்பட்டது. கட்டணம் பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. லயத்துக் கூரைகளின் உரித்து இன்றும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகங்களிடமே இருக்கின்றது.