வணக்கம்

வணக்கம் என்பது தெய்வத்தினிடத்தும் பெரியோரிடத்தும் கொள்ளும் ஆழ்ந்த மரியாதையையும், அம்மரியாதை சரீரத்தின் வாயிலாக வெளிப்படும் செயலையும் ஒருங்கே குறிக்கும் தமிழ்ச் சொல். வளைதல் என்னும் பொருளுடைய 'வணங்கு' என்னும் வினையினின்று, இணங்கு என்பதிலிருந்து இணக்கமும் முழங்கு என்பதிலிருந்து முழக்கமும் தோன்றிய முறையிலேயே இதுவும் தோன்றிற்று. மலையாளத்திலும் இதே வடிவில் வழங்குகிறது. சங்கச் செய்யுட்களில் யாழின் வளைந்த கோட்டுக்கு அடைமொழியாக வரும் 'வணர்' என்பதும் இதற்கு இனமான சொல்லே ஆதலால், முதலில் இருந்தது வெறும் வளைவே என்றும், பக்தி அதில் பின்னர் வந்து குடிபுகுந்தது என்றும் கொள்ளுதல் தகும். கூடா நட்பு அதிகாரத்தில் வள்ளுவர் வில்வணக்கத்தையும் சொல்வணக்கத்தையும் ஒருசேர நிறுத்தி, வில் வளைவது தீங்கு செய்தற்கே ஆகையால் பகைவர் வாயளவிற் காட்டும் பணிவையும் நம்பலாகாது என்று உணர்த்துமிடத்து, சொல்லின் இரு பொருளும் ஒரே குறளில் எதிர்ப்பட்டு நிற்கும் சமத்காரம் ரசிக்கத்தக்கது.

வடமொழி நமஸ்காரத்திற்கு மூலமாகிய 'நம்' என்னும் தாதுவுக்கும் வளைதலே பொருள். அஞ்சலி என்பதோ குவித்த இரு கரங்களின் பெயர்.

இவ்வளைவு சாஸ்திரமாக வகுக்கப்பட்டிருக்கும் விதத்தைச் சென்னையின் தென்பகுதியிலுள்ள திருவான்மியூரில் நன்கு காணலாம். வான்மீகி முனிவர் வழிபட்டமையால் பெயர் பெற்றதாகத் தலபுராணம் கூறும் இவ்வூரின் மருந்தீசர் கோயில், சம்பந்தராலும் அப்பராலும் பாடப்பெற்றது. மூலவர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். கிழக்கோ மேற்கோ நோக்கிய சந்நிதியில் வடக்கே தலைவைத்தும், தெற்கோ வடக்கோ நோக்கிய சந்நிதியில் கிழக்கே தலைவைத்தும் நமஸ்கரிக்கவேண்டும் என்பது ஆறுமுக நாவலர் 'சைவ வினாவிடை'யிற் கூறும் விதியாகலின், இங்கே அடியவர் வடக்கே தலைவைத்து விழுகின்றனர். ஆடவர்க்கு உரியது தலை, இரு கை, இரு செவி, மோவாய், இரு புயம் ஆகிய எட்டும் நிலத்திற் படியும் அஷ்டாங்கம்; மகளிர்க்கு உரியது தலை, இரு கை, இரு முழந்தாள் படியும் பஞ்சாங்கம். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு ஆகிய தடவைகள் வணங்கலாம். ஒன்றும் இரண்டும் குற்றம். அவசரமாக ஒருமுறை விழுந்தெழுந்து புறப்படுவோர் நாவலர் கணக்கில் தப்பமாட்டார்கள்!

1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்திரமும் இவ்வூரிலேயே இருக்கிறது. பரதநாட்டியப் பயிற்சி நமஸ்காரத்தோடு தொடங்கி நமஸ்காரத்தோடு முடிவது; நிமிர்ந்து நின்று கரங்குவித்து, முழுமண்டியில் அமர்ந்து, பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி எழும் மாணவி, தான் மிதிக்கப்போகும் மண்ணிடம் முன்கூட்டியே க்ஷமை வேண்டுவதாகச் சம்பிரதாயம். குவித்த கரம் தெய்வத்துக்குத் தலைமேலும், குருவுக்கு முகத்துக்கு நேரேயும், அந்தணர்க்கு மார்புக்கு நேரேயும் நிற்கவேண்டும் என்று 'அபிநய தர்ப்பணம்' வரையறுக்கிறது. மரியாதையின் தாரதம்மியத்தைச் சாண் கணக்கில் அளந்து வைத்த இந்நுட்பம், அந்தஸ்து பேதங்களை உடம்பிலேயே எழுதிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒருவரையொருவர் கண்டவுடன் 'வணக்கம்' என்று வாயாற் கூறும் வழக்கம் பரவலாகியது இருபதாம் நூற்றாண்டில்தான். தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் ஓங்கியபோது, 'நமஸ்காரம்' இருந்த இடத்தில் மேடைதோறும் இச்சொல் அமர்ந்தது. தெய்வத்துக்குரிய சொல்லைக் கடவுள் மறுப்பாளரே ஊரெங்கும் பரப்பியது நம் மொழிச் சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. கத்தோலிக்கர் மே மாதத்தை மாதாவின் வணக்க மாதம் என்கின்றனர். தொழுதல் என்னும் வினையிலிருந்து வந்த 'தொழுகை'யை இஸ்லாமியத் தமிழர் தமதாக்கிக்கொண்டனர். அஞ்சலியோ சுவரொட்டிகளில் ஏறி, பெரும்பாலும் இறந்தோர்க்கே உரியதாகிவிட்டது. வணக்கம் உயிரோடிருப்பவர்க்கும், வீரவணக்கம் என்ற அடையோடு மறைந்தவர்க்கும் ஒருங்கே வழங்குகிறது.