காலி செய்தால்தான் திறக்கும் பூட்டு

கணினியின் கடவுச்சொல்லை மறப்பது ஒரு காலத்தில் பெரிய விஷயமே இல்லை. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்படோவும் அவரது குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையை இயக்கிக் காட்டினார்கள். ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்காமல் இருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது. அத்தனை கடவுச்சொற்களும் அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு கோப்பில், யார் படித்தாலும் புரியும்படி கிடந்தன. மறந்தவருக்கு நிர்வாகி பார்த்துச் சொல்லிவிடலாம்.

நிர்வாகி படிக்க முடிந்ததை மற்றவர்களும் படித்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி கிடைத்தது. அவர் வேலைக்கு அது போதவில்லை. 1962-இல் அவர் அந்தக் கோப்பை அச்சிடும்படி துளை அட்டையில் ஒரு கோரிக்கை போட்டார். தாளில் எல்லோருடைய கடவுச்சொல்லும் வந்து விழுந்தது. 1966-இல் நடந்தது அதைவிட மோசம். நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இரண்டு கோப்புகளைத் திருத்த, தற்காலிகக் கோப்புகளின் பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டும் இடம் மாறின. கணினிக்குள் நுழைந்தவர்களுக்கு அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் பட்டியலே வந்தது.

இதற்குச் சரியான பரிகாரத்தைப் பெல் ஆய்வகம் கையாண்டது. யுனிக்ஸ் இயங்குதளத்தில் கடவுச்சொல்லை மீட்டெடுக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்கும் முறை வந்தது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இல் அதை விளக்கி எழுதிய கட்டுரை இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. இந்த முறையில் நிர்வாகிக்கே உங்கள் கடவுச்சொல் தெரியாது. மறந்துவிட்டால் அவர் புதிதாக ஒன்றை வைத்துத் தருவார். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

டேப்லெட்டில் அந்த வழியும் அடைபட்டது. ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. 2014 செப்டம்பர் வரை, நீதிமன்ற ஆணையுடன் காவல்துறை கொண்டுவரும் பூட்டிய கருவிகளிலிருந்து சில வகைத் தகவல்களை ஆப்பிள் நிறுவனத்தால் எடுத்துத் தர முடிந்தது. ஐஓஎஸ் 8 இயங்குதளம் வந்த அந்த மாதத்தில், இனி தங்களாலும் திறக்க முடியாது என்று நிறுவனமே அறிவித்தது. காரணம் எளிது. பழைய கடவுச்சொல் வாசலில் நிற்கும் காவலாளி. மேலிடத்து உத்தரவு வந்தால் அவர் விலகிக்கொள்வார். ஐபேடின் பாஸ்கோடு அப்படியல்ல. சிப்பில் பதிந்திருக்கும், ஒவ்வொரு கருவிக்கும் தனியான ரகசிய எண்ணோடு பாஸ்கோடும் சேர்ந்தால்தான் தகவலைப் படிக்கும் சாவியே உருவாகிறது. பாஸ்கோடு இல்லையென்றால் சாவி என்று ஒன்று எங்குமே இல்லை.

ஒரு பாஸ்கோடைச் சரிபார்க்கக் கருவிக்கு ஏறத்தாழ 80 மில்லி விநாடி ஆகும். அந்த வேகத்தில் நான்கு இலக்க எண்கள் பத்தாயிரத்தையும் கால் மணி நேரத்துக்குள் முயன்றுவிடலாம். ஆறு இலக்கம் என்றால் 22 மணி நேரம். அதனால்தான் தவறு கூடக்கூட ஒரு நிமிடம், ஐந்து, பதினைந்து, ஒரு மணி நேரம் என்று காத்திருப்பு நீள்கிறது. திருடனைத் தடுக்க வைத்த இந்தக் காத்திருப்பில் முதலில் சிக்குவது குழந்தைகள். 2019 ஏப்ரலில் 'தி நியூயார்க்கர்' இதழின் எழுத்தாளர் எவன் ஓஸ்னோஸ் தம் ஐபேடின் திரையைப் படமெடுத்து வெளியிட்டார். அவரது மூன்று வயதுக் குழந்தை மறுபடி மறுபடி எண்களைத் தட்டியதில், 2,55,36,442 நிமிடங்கள் கழித்து முயலும்படி அது சொன்னது. ஏறக்குறைய 48 ஆண்டுகள்! கடைசியில் அவர் கருவியை டி.எஃப்.யூ. எனும் மீட்பு நிலைக்குக் கொண்டுபோய் மீட்டமைக்கத் தொடங்கினார். இந்த வழியில் கருவி கிடைக்கும், உள்ளே இருந்தது அழியும். முன்பே நகல் (பேக்கப்) எடுத்துவைத்தவருக்கு மட்டுமே படங்களும் குறிப்புகளும் திரும்பும்.

அழித்த பிறகும் ஒரு பூட்டு மிச்சம். 2013-இல் ஐஓஎஸ் 7 கொண்டுவந்த ஆக்டிவேஷன் லாக், காலியான கருவியிலும் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்கும். திருட்டைக் குறைக்க நல்ல ஏற்பாடு. ஆனால் 2016-இல் கனடாவில் கணவரை இழந்த ஒரு மூதாட்டி, கணவர் கணக்கின் கடவுச்சொல்லைப் பெற நீதிமன்ற ஆணை கொண்டுவாருங்கள் என்ற பதிலைக் கேட்க நேர்ந்தது. அவர் கேட்டது வீட்டு ஐபேடில் சீட்டாட்டம் ஆடும் வசதி மட்டுமே. செய்தி வெளியானதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அரசாங்கத்துக்கும் இதே கதவுதான். 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்றவர்களில் ஒருவரின் ஐபோன் 5சி எஃப்.பி.ஐ. கையில் இருந்தது, பாஸ்கோடு இல்லை. அவசரத்தில் அதன் ஐகிளவுட் கடவுச்சொல்லை மாற்றிவிட்டதால், போன் தானாகவே புதிய பேக்கப் அனுப்ப இருந்த வாய்ப்பும் போயிற்று. கடவுச்சொல்லை மாற்றுவதே வழியை அடைக்கக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 2016 மார்ச் 28-இல், வெளியாட்கள் மூலம் திறந்துவிட்டதாகச் சொல்லி, போனைத் திறக்க ஆப்பிள் உதவ வேண்டும் என்று கோரிய வழக்கை அரசு கைவிட்டது.

மறதிக்காரர்களுக்கான வசதிகள் மெதுவாகத்தான் வந்தன. 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ், ஐபேட்ஓஎஸ் 15.2 பதிப்புகள், கணினி இல்லாமலே பூட்டுத் திரையிலிருந்து அழித்துத் தொடங்க வழி செய்தன. தன் இறப்புக்குப் பின் தகவல்களைப் பெற ஒருவரை முன்கூட்டியே நியமிக்கவும் இடம் தந்தன. மிகவும் பயனுள்ளது 2023-இல் 17-ஆம் பதிப்போடு வந்தது: பாஸ்கோடை மாற்றிய பிறகு 72 மணி நேரம் வரை பழைய எண்ணைக் கொண்டே உள்ளே போய்ப் புதியதை வைத்துக்கொள்ளலாம். நேற்று மாற்றியதை இன்று மறப்பவர்களுக்கு இது பெரும் வரம். பத்தாண்டு முன்பே வந்திருக்க வேண்டும். பழைய எண் தெரிந்த ஒருவரை விலக்குவதற்காகவே மாற்றுபவர்கள், அமைப்புகளில் அதை உடனே செல்லாததாக்கிவிடலாம்.